பத்திரத்தில் ‘அத்துவிட்ட’ கணவரின் வீட்டில் பங்கு உண்டா? – வாசகர் சட்டக் கேள்வி பதில்

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, 2014-ல் கணவரும் நானும் பிரிந்தோம். பிறகு அவர் கோயிலில் வேறொரு பெண்ணுக்குத் தாலி கட்டினார். அவர்களுக்கு ஒரு பையன். போன மாதம் கணவர் இறந்துவிட்டார். அவர் சம்பாதித்து வாங்கிய வீட்டில் எனக்கும் என் மகளுக்கும் பங்கு உண்டா? மாமியார் உயிருடன் இருக்கிறார்.

உண்டு. பத்திரம் எழுதி அத்துவிடுவது சட்டப்படி விவாகரத்து ஆகாது. ஒரே ஒரு விலக்கு: அப்படிப் பிரியும் வழக்கம் உங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக இருந்துவருகிறது என்று நீதிமன்றத்தில் நிரூபித்தால், இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 29(2) அதை ஏற்கிறது. நிரூபிக்க வேண்டியவர், வழக்கம் இருக்கிறது என்று சொல்பவர். ‘எங்க பக்கம் இப்படித்தான்’ என்ற ஒரு வரி அதற்குப் போதாது.

ஆகவே இன்றும் நீங்கள்தான் சட்டப்படி மனைவி. கணவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் வீடு நான்கு சம பங்காகப் பிரியும்: உங்களுக்கு, மகளுக்கு, மாமியாருக்கு, அந்தப் பையனுக்கு. பையனின் தாய்க்குப் பங்கில்லை. ஆனால் செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் சொத்தில் உரிமை உண்டு. உச்ச நீதிமன்றம் 2023-லும் இதை உறுதி செய்தது. அவனை விட்டுவிட்டு வாரிசுச் சான்று வாங்க நினைக்காதீர்கள், பிறகு அதுவே தனி வழக்காகும்.

எதிர்த் தரப்பும் உங்கள் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பித்திருக்கலாம். திருமணப் பத்திரிகை, மகளின் பிறப்புச் சான்று, பழைய ரேஷன் கார்டு நகல் ஆகியவற்றோடு தாசில்தாரிடம் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுங்கள். அதற்கும் முன்னால் வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். சுயசம்பாத்தியம் என்பதால், உயிரோடு இருக்கும்போதே யாருக்காவது செட்டில்மெண்ட் எழுதியிருந்தால் பங்கு கேட்க இடமே இருக்காது. பதிவு செய்யாத உயில் வில்லங்கத்தில் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இருவரும் மனமொத்துப் பிரிய முடிவு செய்துவிட்டோம். எவ்வளவு காலம் ஆகும்?

இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 13-பி-யின்படி மனுப் போடும்போது குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். தனித்தனி வீடு கட்டாயமில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தால் அதுவும் பிரிவுதான். மனுவுக்குப் பின் ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், இருவரும் வந்து ‘சம்மதம்தான்’ என்று மறுபடி சொல்ல வேண்டும். மனுப் போடும் முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருந்து, சமரச முயற்சி தோற்று, ஜீவனாம்சமும் குழந்தை விஷயமும் முடிவாகியிருந்தால், அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். 2017-ல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி இது.

வழக்கு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடைக்காலத்தில்தான். தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்தவர் மாட்டிக்கொள்வார், ஒரு பைசாவும் வாங்காமல் கையெழுத்துப் போட்டவரும் மாட்டிக்கொள்வார். பாதியை முதல் விசாரணையிலும் மீதியை இறுதி விசாரணை நாளில் வங்கி வரைவோலையாகவும் தருவதாக எழுதுங்கள்.

‘நகைகள் திருப்பித் தரப்பட்டன’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், ஒவ்வொரு உருப்படியையும் கிராம் கணக்கோடு குறியுங்கள். மாதத்தில் எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை குழந்தையைப் பார்ப்பது, பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது என்பதும் வேண்டும். ‘குழந்தைக்கு எதுவும் வேண்டாம்’ என்று தாய் எழுதிக்கொடுத்தாலும் குழந்தையின் ஜீவனாம்ச உரிமை போகாது.

பலர் கோட்டைவிடுவது கூட்டு வீட்டுக் கடன். ‘இனி தவணையைக் கணவர் கட்டுவார்’ என்று தீர்ப்பிலேயே இருந்தாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. தவணை நின்றால் நோட்டீஸ் உங்களுக்கும் வரும். உங்கள் பெயரை நீக்கி வங்கி எழுத்தில் தரும்வரை நீங்களும் கடன்காரர்தான்.

விவாகரத்து ஆகி மூன்று வருடம். முன்பு மனைவி பெயருக்கு எழுதிய உயில் தானாக ரத்தாகிவிட்டதுதானே?

இல்லை. விவாகரத்தால் உயில் ரத்தாகும் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925 எங்கும் சொல்லவில்லை. புது உயில் எழுதி, ‘இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்’ என்று முதல் பத்தியிலேயே போடுங்கள். பழைய தாளில் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினால், உங்கள் கையெழுத்தும் இரு சாட்சிகளின் கையெழுத்தும் இல்லாமல் அந்தத் திருத்தம் செல்லாது. வங்கி, காப்பீடு, பி.எஃப். ஆகியவற்றில் நாமினி பெயரைத் தனித்தனியாக மாற்ற வேண்டும்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. வீடு என் சம்பளத்தில் வாங்கியது. என் காலத்துக்குப் பின் தங்கை மகளுக்குப் போக வேண்டும். அதுவரை கணவர் அனுபவிக்கட்டும். உயில் அவசியமா?

கட்டாயம் அவசியம். குழந்தையில்லாத இந்துப் பெண்ணின் சுயசம்பாத்தியம், உயில் இல்லாவிட்டால் முதலில் கணவருக்குப் போகும். அவர் இல்லையென்றால் அவருடைய வாரிசுகளுக்கு, அதாவது உங்கள் மாமியார், கொழுந்தனார், நாத்தனார் பக்கம் போகும். உங்களைப் பெற்ற தாய் அந்த வரிசையில் அதற்குப் பிறகுதான் வருகிறார். பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும், பிள்ளைகள் இல்லாதபோது, தகப்பனாரின் வாரிசுகளுக்குத் திரும்பும்.

‘வீடு என் கணவருக்கு’ என்று எழுதி நிறுத்தினால் பயனில்லை. உங்களுக்கு முன் அவர் இறந்தால் அந்த வரி வீணாகி, வீடு மறுபடி அவர் வாரிசுகளிடம் போகும். ‘கணவர் ஆயுள்வரை அனுபவிக்கலாம், விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமையில்லை, அவருக்குப் பின் அல்லது அவர் எனக்கு முன் இறந்தால், முழு உரிமையும் தங்கை மகள் இன்னாருக்கு’ என்று எழுதுங்கள். சர்வே எண், கதவு எண், கிரயப் பத்திர எண், ஆண்டு, நான்கெல்லை எல்லாம் வேண்டும். கணவரும் நீங்களும் சேர்ந்து ஒரே உயிலாக எழுதாதீர்கள். ஒருவர் இறந்த பின் மற்றவர் அதை மாற்ற முடியுமா என்ற சண்டை வரும்.

வெள்ளைத்தாள் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுங்கள். இரண்டு சாட்சிகள் நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்து, உங்கள் கண்முன்னே கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் உங்களைவிட வயதில் சிறியவர்களாக இருப்பது நல்லது. பிற்பாடு ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டியிருக்கும். தங்கை மகளையோ அவள் கணவரையோ சாட்சியாக்க வேண்டாம்.

பதிவு செய்யாத உயில் செல்லுமா?

செல்லும். பதிவு செய்தாலும் சாட்சியை வைத்து நிரூபிக்கத்தான் வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆளை அடையாளம் காட்டக் கையெழுத்திடுபவர்கள் வேறு, உயிலின் சாட்சிகள் வேறு. அந்த இரு கையெழுத்துகள் இருப்பதை நம்பி உயிலின் சாட்சி இடத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள்.