38 கோழி வச்சிருக்கேன், ஈபிஎஃப் சேமநிதில இருந்து 15,000 ரிங்கிட் எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். நான் பினாங்கு புக்கிட் மெர்தாஜாம்ல இருக்கேன், வயசு 57, ஃபேக்டரில டெக்னீஷியனா இருந்து போன வருஷம் நின்னுட்டேன். எம்சிஓ (கோவிட் ஊரடங்கு) நேரத்துல பொழுது போகலன்னு 4 கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) வாங்கி வீட்டு பின்னாடி விட்டேன், கார்னர் லாட், இடம் இருக்கு. இப்ப 38 ஆயிருச்சு: ரோட் ஐலண்ட் ரெட் 8, கம்பத்துக் கோழி 9, சில்கி 5, பிரம்மா 3, செராமா 4, மிச்சம் 9 சேவல். மாசம் ரெண்டரை மூட்டை தீவனம், 50 கிலோ மூட்டை 120 வெள்ளி (ரிங்கிட்). மருந்து, மரத்தூள், கரண்டுன்னு இன்னொரு 60. ஒரு நாளைக்கு 10 முட்டை கிடைக்குது, மாசம் 220 முட்டை 80 காசுன்னு விக்கிறேன், மிச்சம் வீட்டுக்கும் சொந்தக்காரங்களுக்கும் போயிருது. ஈபிஎஃப்ல 15,000 எடுத்து பெரிய ஷெட், 100 முட்டை இன்குபேட்டர் (குஞ்சு பொரிக்கற மெஷின்), இன்னும் ரெண்டு மூணு ப்ரீட் ஜோடி வாங்கலாம்னு ஐடியா, ப்யூர் ப்ரீட் குஞ்சு வித்தா நல்ல விலை வரும். முட்டைக்கு கவர்மெண்ட் விலைக்கட்டுப்பாட்டையும் எடுத்துட்டாங்க, இனி விலை ஏறும்தானே? வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

பதில்: அண்ணே, முதல்ல கணக்கு எழுதி அனுப்பினதுக்கு நன்றி, நிறைய பேர் "செலவு கொஞ்சம்தான் சார்"னு மட்டும் எழுதுவாங்க, அத வச்சு நான் என்ன சொல்றது. உங்க கணக்குலயே பதிலும் இருக்கு. தீவனம் 300, மத்தது 60, மொத்தம் 360 வெள்ளி. மாசம் 300 முட்டை. அப்போ ஒரு முட்டைக்கு 1 வெள்ளி 20 காசு செலவு பண்ணி 80 காசுக்கு கொடுக்குறீங்க. மாசம் 184 வெள்ளி கைய விட்டுப் போகுது. 300 முட்டையும் வித்தாக்கூட 120 வெள்ளி குறையுது. இந்த நிலையில கோழிய கூட்டினா நஷ்டமும் சேர்ந்துதான் கூடும், வீட்டம்மா சொல்றது சரி.

காசு எங்க போகுதுன்னு பாருங்க. ஒரு சராசரி கோழி ஒரு நாளைக்கு 110, 120 கிராம் தின்னும். உங்க ரோட் ஐலண்ட் ரெட் 8 சேர்ந்து மாசம் ஒரு 29 கிலோ, அதாவது 70 வெள்ளி தீவனம், ஆனா உங்க முட்டைல ஏறக்குறைய பாதி அதுங்க போடறதாத்தான் இருக்கும், அந்த ப்ரீட் அப்படி. அந்த 8 மட்டும் இருந்திருந்தா தீவனக் கணக்குல ஒரு முட்டை 50 காசுக்குள்ள முடிஞ்சிருக்கும். சில்கி கொஞ்ச நாள் போட்டுட்டு அடைக்கு உக்காந்துரும், பிரம்மா பெரிய உடம்பு, நல்லா தின்னும், நம்ம ஊரு வெயில்ல மூச்சு வாங்கும், செராமா நம்ம கிளந்தான் ஊரு அழகுக் கோழி, அரை கிலோகூட வராது, அதுக்கிட்ட முட்டைக் கணக்கு கேக்கக்கூடாது. எம்சிஓல வாங்கின அந்த முதல் 4 கோழி இன்னும் இருந்தா அதுங்களும் உங்கள மாதிரி பென்ஷன்லதான் இருக்கு அண்ணே, ரெண்டு வருஷத்துக்கு மேல போனா முட்டை வருஷா வருஷம் குறையும்.

இப்ப சேவல். 9 சேவல் மாசம் 32 கிலோ தின்னுது, 78 வெள்ளி, வருஷத்துக்கு 930 வெள்ளிக்கு மேல, முட்டை போடற 8 பெட்டைக்கு ஆகறத விட அதிகம். பெட்டை முட்டை போட சேவலே தேவையில்ல. குஞ்சு எடுக்கணும்னாலும் 8, 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இதுல இன்குபேட்டர் வேற வாங்கறேங்கறீங்க. 100 முட்டை வச்சு 21 நாள்ல 70 பொரிச்சாலும் அதுல பாதி சேவல்தான் வரும், 35 சேவல அந்த தாமான்ல (குடியிருப்புப் பகுதில) வச்சு என்ன பண்ணுவீங்க, விடிகாலை நாலு மணிக்கு பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டா நான் வந்து சமாதானம் சொல்ல முடியாது. பெட்டைக் குஞ்சும் உடனே சம்பாதிக்காது, அஞ்சு ஆறு மாசம் தின்ன பிறகுதான் முதல் முட்டை.

"ப்யூர் ப்ரீட் குஞ்சு வித்தா நல்ல விலை வரும்"னு நீங்க நினைக்கிறது தப்பில்ல. ஆனா எல்லாத்தையும் ஒரே இடத்துல விட்டு வளர்த்தா வர்றது கலப்புக் குஞ்சு, அத சில்கின்னோ பிரம்மான்னோ விக்க முடியாது, வித்தா அடுத்த மாசம் சண்டைக்கு வருவாங்க. ப்ரீட் ப்ரீடா தனிக் கூண்டு போடணும், பிரிச்ச பிறகும் மூணு வாரம் பொறுத்துதான் அடைக்கு முட்டை எடுக்கணும், ஏன்னா பழைய சேவலோட விந்து பெட்டை உடம்புல ரெண்டு வாரத்துக்கு மேலயும் இருக்கும். குஞ்சுக்கு தனி தீவனம் வேணும், முட்டைக் கோழி தீவனத்துல சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி, அது குஞ்சோட கிட்னிக்கு ஆகாது. ஒவ்வொரு ப்ரீடும் ஒரு தனி செலவுன்னு வச்சுக்குங்க.

முட்டை விலை பத்தி: ஆமா, 2025 ஆகஸ்ட் 1-ல இருந்து கட்டுப்பாடும் இல்ல, மானியமும் இல்ல. ஆனா கட்டுப்பாடு எடுத்தா விலை ஏறியே தீரும்னு கிடையாது, பெரிய பண்ணைங்க முட்டைய நிறைய இறக்கினா இறங்கவும் இறங்கும். உங்க தீவனத்துல இருக்கற சோளமும் சோயாவும் பெரும்பாலும் வெளிநாட்டுல இருந்து டாலர்ல வர்ற சரக்கு. டாலர் ஏறினா மூட்டை விலையும் ஏறும், அத உங்க முட்டை விலைல ஏத்த முடியுமான்னு சொந்தக்காரங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

ஈபிஎஃப்-க்கு வருவோம். 55 தாண்டிட்டதால எடுக்க தடையில்ல, அதுதான் ஆபத்தும். 2024-க்கு அவங்க கொடுத்த டிவிடெண்ட் 6.30 பெர்சன்ட், 15,000-க்கு 945 வெள்ளி. (9 சேவல் ஒரு வருஷத்துக்கு தின்னற காசு ஏறக்குறைய அதே!) வருஷா வருஷம் அதே ரேட் வரும்னு சொல்லல, ஆனா எடுக்காத காசுக்கு 100 வயசு வரைக்கும் டிவிடெண்ட் போடுவாங்க. சம்பளம் நின்ன வீட்ல திரும்பி வராத 15,000 பெரிய தொகை. அதுவும் கோழில போட்டா வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தா ஒரே வாரத்துல பாதிக் கூட்டம் போயிரும், தடுப்பூசி போட்டு வச்சிருக்கீங்களா? கேள்வில அத எழுதவே இல்ல.

அதனால ஈபிஎஃப்ல கை வைக்காதீங்க. இன்குபேட்டரும் வேணாம். 7 சேவல வித்துருங்க, தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் முன்னாடி கம்பத்துச் சேவலுக்கு ஆள் தேடி வருவாங்க, அப்ப வித்தா நல்ல விலை. அதுலயே தீவனச் செலவு மாசம் 60 வெள்ளி மிச்சம். வீட்டுக்கு 40 முட்டை மட்டும் வச்சுக்கிட்டு 260 வித்தா 208 வெள்ளி, செலவு 300, கையிலிருந்து போறது 92 வெள்ளி. சொந்தக்காரங்களுக்கு சும்மா கொடுக்கறத நிறுத்துங்க, கஷ்டம்தான், ஆனா அவங்களும் கடைல வாங்கத்தானே போறாங்க. 92 வெள்ளிக்கு தினம் காலைல எழுந்து போய் பாக்க ஒரு வேலையும் வீட்டுக்கு நல்ல முட்டையும் கிடைக்குதுன்னா நான் தடுக்க மாட்டேன், ரிட்டையர் ஆனவங்க இத விட அதிகமா காப்பிக்கடைல விடறாங்க. ப்ரீட் ஆசையும் விட்டுற வேணாம், ஆனா ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகணும், 31-க்கு மேல ஏத்தாதீங்க, சேவல் வித்த காசு வச்சு இருக்கற கூண்ட ரிப்பேர் பண்ணுங்க.

அதையும் மீறி பிசினஸாதான் பண்ணுவேன்னா ஷெட்டுக்கு ஆள் கூப்பிடறதுக்கு முன்னாடி மஜ்லிஸுக்கு (நகராண்மைக் கழகம்) ஃபோன் போட்டு தாமான்ல எத்தனை கோழி வரைக்கும் விடுவாங்கன்னு கேளுங்க. பிறகு எஸ்எஸ்எம்ல (கம்பெனி, வியாபாரம் பதியற ஆணையம்) பதிவு, சொந்தப் பேர்ல வருஷத்துக்கு 30 வெள்ளி, கடைப் பேர் வச்சா 60. வரிக்கு சம்பளக்காரங்க போடற பிஇ ஃபாரம் இல்ல, தொழில் பண்றவங்க போடற பி ஃபாரம், கெடு ஜூன் 30. தீவன ரசீதெல்லாம் இப்பவே ஒரு டப்பால போட்டு வைங்க.