ஒரு சின்ன சனலிங் சொஃப்ட்வேருக்கு எஸ்.எம்.எஸ், வட்ஸ்அப், புஷ், இமெயில் எல்லாவற்றையும் அனுப்ப எந்தக் கருவியை எடுக்கலாம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: யாழ்ப்பாணத்துத் தனியார் கிளினிக்குகளுக்கு டொக்டர் சனலிங் (டொக்டரைப் பார்க்க முன்கூட்டியே நேரம் பதிவது) சொஃப்ட்வேர் செய்கிறீர்கள், சின்னக் குழு, இப்போது எஸ்.எம்.எஸ் மட்டும் போகிறது, மற்ற மூன்று வழிகளையும் சேர்க்க வேண்டும், செய்தி அனுப்ப உதவும் நோவு, நொக், கூரியர், வன்சிக்னல் என்ற கருவிகளைப் பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. நானும் இங்கே கிட்டத்தட்ட இதே வேலைதான் செய்கிறேன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

வசதிகளின் பட்டியலைப் பார்த்து எந்தக் கருவியையும் எடுக்காதீர்கள். எல்லாரும் எல்லா வழியும் உண்டு என்றுதான் எழுதியிருப்பார்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: "எனக்கு மெசேஜ் ஒண்டும் வரேல்லைப் பிள்ளை" என்று ஒரு அம்மா கவுண்டரில் வந்து நின்றால், அங்கே வேலை செய்கிற, கோடிங் தெரியாத பிள்ளை நம்பரைப் போட்டுத் தேடி, எத்தனை மணிக்கு எந்த வழியில் அனுப்பினோம், அது எங்கே நின்றது என்று உடனே சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் அந்தக் கேள்வி உங்களுக்கு போனில் வரும், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. "அனுப்பியாயிற்று" என்பதற்கு ஒவ்வொரு வழியிலும் ஒவ்வோர் அர்த்தம். புஷ்ஷை, அதாவது ஆப் போனில் காட்டும் நோட்டிபிகேஷனை, அனுப்பும் கூகுளின் ஃபயர்பேஸ் சரி என்று பதில் தந்தால் கூகுள் அதை வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள், போனில் காட்டியது என்றல்ல. ஆண்ட்ரொய்ட் 13இலிருந்து நோட்டிபிகேஷனுக்கு ஆளிடம் அனுமதி கேட்க வேண்டும், அவர் வேண்டாம் என்று அழுத்தியிருக்கலாம், அல்லது பற்றரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே உங்கள் ஆப்பை முடக்கி வைத்திருக்கலாம். இமெயிலிலும் அந்தப் பக்கத்து சேர்வர் ஏற்றுக்கொண்டது என்பது வரைதான் தெரியும், ஸ்பாமில் கிடக்கிறதா என்று தெரியாது. எஸ்.எம்.எஸ்ஸில் டெலிவரி ரிப்போட் வரும், ஆனால் சில கேட்வேக்கள் (உங்கள் எஸ்.எம்.எஸ்ஸை வாங்கி போன் நெட்வேர்க்குக்குக் கொடுக்கும் சேவைகள்) தங்கள் கையைவிட்டுப் போனதையே டெலிவரி என்று காட்டுவதும் உண்டு, ஒரு போனை ஓஃப் பண்ணி வைத்துவிட்டு அனுப்பிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். வட்ஸ்அப் மட்டும்தான் அனுப்பியது, சேர்ந்தது, வாசித்தது என்று தனித்தனியாகச் சொல்லும், வாசித்ததை மறைத்து வைத்தவர்களைத் தவிர.

அதனால் "ஒன்று போகாவிட்டால் மற்றது" என்ற ஏற்பாட்டைப் புஷ்ஷின் மேல் கட்டாதீர்கள். வட்ஸ்அப்பில் அனுப்பி, பத்து நிமிடத்துக்குள் சேர்ந்ததாகத் தகவல் வராவிட்டால் எஸ்.எம்.எஸ், இது வேலை செய்யும். கூடவே ஒவ்வொரு செய்திக்கும் ஒரு காலாவதி வையுங்கள். ஃபயர்பேஸில் நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் நான்கு வாரம் வரை வைத்திருந்து, போன் இணையத்துக்கு வந்ததும் கொடுக்கும். டொக்டர் இன்று 5 மணிக்கு வருகிறார் என்ற செய்தி மூன்று நாள் கழித்து வந்தால் அந்த நோயாளி திரும்பவும் ஓட்டோ பிடித்து வருவார், பேச்சு வாங்குவது கவுண்டர்ப் பிள்ளை.

இனி எஸ்.எம்.எஸ். இங்கே உங்கள் செலவில் பெரும்பகுதி இதில்தான் போகும். ஆங்கில எழுத்தில் ஒரு மெசேஜுக்கு 160 இடம், தமிழில் 70 மட்டும். 70ஐத் தாண்டினால் துண்டாகும், துண்டொன்றுக்கு 67 இடம், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காசு. அந்த இடத்தையும் நாம் எழுத்தை எண்ணுவது போல எண்ணுவதில்லை, புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் வரும்: "யாழ்ப்பாணம்" நமக்கு ஆறு எழுத்து, நெட்வேர்க்குக்குப் பதினொன்று. "டொக்டர்" ஏழு, அதுவும் "டொ"வின் கொம்பையும் காலையும் உங்கள் கீபோர்ட் பிரித்து அடிக்கிறது என்றால் எட்டு. அனுப்புவதற்கு முன் யூனிகோடைச் சீர்படுத்தி (பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒன்றாக்கி), எண்ணி, எத்தனை துண்டு என்று டெம்ப்ளேட்டை, அதாவது மெசேஜின் மாதிரி வடிவத்தை, எழுதுகிறவருக்குக் காட்ட வேண்டும். ஆங்கில மெசேஜிலும் வேர்டிலிருந்து கொப்பி பண்ணிய ஒரு வளைந்த மேற்கோள் குறி போதும், முழுதும் யூனிகோடாகி 70க்கு இறங்கிவிடும். வாழ்த்து, வணக்கம், கிளினிக்கின் முழுப்பெயர் எல்லாவற்றையும் வெட்டுங்கள், அனுப்புநர் பெயரில்தான் கிளினிக்கின் பெயர் ஏற்கனவே இருக்கிறதே.

எஸ்.எம்.எஸ்ஸுக்கு உள்ளூர் கேட்வேதான் எடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ட்விலியோ போன்ற வெளிநாட்டுச் சேவைகள் நல்லவை, இணைப்பதும் சுலபம், ஆனால் டொலர் பில். 2022இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 வரை போனதைப் பார்த்த பிறகு, மாதா மாதம் கூடிக் குறையும் ஒரு செலவை டொலரில் வைக்க எனக்கு மனமில்லை. எனவே கருவியைத் தேடும்போது முதல் கேள்வி, நம்முடைய கேட்வேயை எச்டிடிபி வழியாக அதில் செருக முடியுமா என்பது. நோவு, நொக், கூரியர் மூன்றுமே மெசேஜை ஒழுங்குபடுத்துகிற அடுக்குத்தான், கடைசியில் கொண்டு சேர்ப்பது வேறு ஆள், அந்த ஆளை நீங்கள் மாற்றலாம். நோவு திறந்த மூலம், உங்கள் சேர்வரிலேயே ஓட்டலாம், ஆனால் ஓட்டுவதும் ஒரு வேலை என்பதை மறக்க வேண்டாம். வன்சிக்னல் புஷ்ஷில் கெட்டிக்காரன், உங்களுக்கு அவ்வளவு புஷ் தேவையா என்பது சந்தேகம், நோயாளிகள் வருடத்துக்கு இரண்டு தடவை வருவதற்காக ஆப் வைத்திருக்கப் போவதில்லை.

வட்ஸ்அப்பில் டெம்ப்ளேட்டுக்கு அதன் உரிமையாளரான மெட்டாவிடம் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும், தமிழ் டெம்ப்ளேட்டைத் தமிழ் என்றே பதிந்து. சனலிங் உறுதி, நேர மாற்றம் எல்லாம் சேவை வகை, மலிவு. அதன் அடியில் "இந்த மாதம் முழு உடல் பரிசோதனைக்குக் கழிவு" என்று கிளினிக் முதலாளி ஒரு வரி சேர்க்கச் சொல்லுவார், சேர்த்தால் விளம்பர வகைக்குத் தள்ளிவிடுவார்கள், காசு கூடும். 2025 ஜூலையிலிருந்து உரையாடலுக்கு என்றில்லாமல் மெசேஜுக்கு மெசேஜ் கட்டணம் என்பதால் இது உடனே பில்லில் தெரியும். விளம்பரத்துக்கு எப்படியும் ஆளின் சம்மதம் வேண்டும், இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருக்கால் வாசித்து வையுங்கள். உடல்நலத் தகவலை அது விசேட வகையாகவே வைத்திருக்கிறது. மெசேஜில் டொக்டரின் துறையைப் போடாதீர்கள். ஒரு போனை வீடே பாவிக்கிற ஊர் இது, மனநல டொக்டரிடம் போவதை மருமகள் ஸ்கிரீனில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அப்புறம் நம்மூருக்கே உரிய ஒன்று. சுன்னாகத்தில் இருக்கிற அம்மாவுக்கு ரொறன்ரோவில் இருக்கிற மகள் சனல் பண்ணுவார். பல கருவிகள் ஒரு நிகழ்வுக்கு ஒரு ஆள் என்றே நினைத்துக் கட்டப்பட்டவை. உங்களுக்கு இரண்டு ஆள் வேண்டும், அம்மாவுக்குத் தமிழில் எஸ்.எம்.எஸ், மகளுக்கு வட்ஸ்அப் அல்லது இமெயில். நமக்குக் காலை 8 மணி என்றால் அங்கே கோடையில் முதல் நாள் இரவு 10.30, குளிர்காலத்தில் 9.30. எனவே வித்தியாசத்தை எண்ணாகச் சேமிக்காமல் ஊரின் நேர வலயத்தைச் சேமியுங்கள், தூங்கும் நேரத்தை அந்தந்த ஆளின் ஊருக்கு ஏற்ற மாதிரி வையுங்கள். டொக்டர் வரவில்லை என்ற செய்திக்கு மட்டும் தூக்கம் பார்க்க வேண்டாம்.

இமெயிலுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் போட்டுவிடுங்கள், மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் அமைப்புகள் இவை. 2024 பெப்ரவரியிலிருந்து நாளுக்கு 5000க்கு மேல் அனுப்புவோருக்கு ஜிமெயில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, உங்கள் அளவுக்கும் இல்லாமல் இருப்பது புத்தியில்லை. மெயில் அனுப்ப அமேசனின் எஸ்இஎஸ் சேவை போதும். மெயில் சேராமல் திரும்பி வரும் முகவரிகளுக்கு அனுப்புவதை உடனே நிறுத்துங்கள், திரும்புபவை 5 வீதத்தைத் தாண்டினால் கணக்கையே விசாரணையில் போடுவார்கள்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்போதைக்கு எதையும் வாங்க மாட்டேன். அனுப்ப வேண்டியவற்றை வரிசையில் வைக்கும் ஒரு கியூ, ஒவ்வொரு அனுப்புதலையும் பதிகிற ஒரு டேபிள், ஒரே செய்தி இரண்டு தரம் போகாமல் தடுக்க நிகழ்வுக்கு ஒரு தனி அடையாளம், கவுண்டருக்கு ஒரு தேடல் பக்கம், எஸ்.எம்.எஸ்ஸும் வட்ஸ்அப்பும். மூன்றாவது வழியோ, கிளினிக் ஆட்களே டெம்ப்ளேட்டை மாற்றும் தேவையோ வரும்போது நோவுக்கு மாறலாம், அந்த டேபிளை அப்போதும் வைத்திருங்கள்.

உங்கள் கேட்வே உண்மையான டெலிவரி ரிப்போட் தருகிறதா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள், இல்லை என்றால் வட்ஸ்அப்புக்குப் பிறகு எஸ்.எம்.எஸ் என்ற பகுதியை வேறு மாதிரி அமைக்க வேண்டியிருக்கும்.