கேள்வி-பதில்: 40 டென்சிட்டி என்று நம்பி உட்கார்ந்தவர்

கேள்வி: மாதம் இருமுறை சென்னைக்குக் கார் ஓட்டுகிறேன். விழுப்புரம் வருவதற்குள் தொடை கடுக்கிறது. சீட் முழுக்க இரண்டு அங்குலம் ஃபோம் ஏற்றலாம் என்கிறார் குஷன் கடைக்காரர். செய்யலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: வேண்டாம். பெரும்பாலும் சீட்டின் முன்விளிம்பு தாழ்ந்திருப்பதால்தான் தொடை கடுக்கும். முழுக்க ஏற்றினாலும் அந்தச் சரிவு அப்படியே இருக்கும், உங்கள் தலைதான் கூரையை நெருங்கும். அதோடு, மெத்தென்ற குஷனில் புதைந்து உட்கார்ந்தால் மோதலின்போது பெல்ட்டுக்கு அடியில் உடம்பு நழுவும். இடுப்பெலும்பைப் பிடிக்க வேண்டிய பெல்ட் வயிற்றை அழுத்தும். ஒரு துண்டை மடித்து, சீட் கவருக்குள் முன்பக்கம் நகராதபடி செருகி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிரேக்கை முழுதாக மிதிக்கும்போது துண்டு தொடையைத் தடுக்கக் கூடாது. சுகமாக இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் ஆப்பு வடிவில் ஃபோம் வைக்கச் சொல்லுங்கள். பின் பாக்கெட்டில் பர்ஸ் இருக்கிறதா? முதலில் அதை எடுங்கள்.

கேள்வி: புது சீட் கவர் போட்டேன். சீட்டின் பக்கவாட்டில் ‘ஏர்பேக்’ என்றிருந்த பட்டையையும் சேர்த்து மூடிவிட்டார்கள். பரவாயில்லையா? (கோவை)

பதில்: இன்றே கழற்றுங்கள். அந்தப் பை விரிவது அந்த வழியாகத்தான்.

கேள்வி: 6,500 ரூபாய் கொடுத்து இரண்டு முன் சீட்டுக்கும் ‘40 டென்சிட்டி’ ஃபோம் மாற்றினேன். இருபதே நாளில் பள்ளம் விழுந்துவிட்டது. கேட்டால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லைக் காட்டுகிறார். (மதுரை வாசகி)

பதில்: அம்மா, உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். இந்த டென்சிட்டி வியாபாரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்ற கணக்கு. ஃபோம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பது வேறு. 23 டென்சிட்டி ஃபோமையும் கெட்டியாகத் தயாரிக்கலாம். கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து ‘ம், நல்லா இருக்கு’ என்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். தராசில் வையுங்கள். 30 சென்டிமீட்டர் நீளம், அதே அகலம், 5 சென்டிமீட்டர் தடிமன் உள்ள துண்டு 40 டென்சிட்டி என்றால் 180 கிராம் இருக்க வேண்டும். 23 என்றால் 104 கிராம்தான் வரும். எடை ஏற்றச் சுண்ணாம்புத் தூள் கலப்பவர்களும் உண்டு, அது தனிக் கதை.

பில்லில் 40 என்று கடைக்காரர் கையாலேயே எழுதியிருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். அந்த அச்சடித்த வாசகத்துக்குப் பயப்படாதீர்கள். பில்லில் கெடு எதுவும் இல்லாதபோது 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. முதலில் எழுத்தில் கேளுங்கள், அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

கேள்வி: ஆன்லைனில் மெமரி ஃபோம் குஷன், நாலரை ஸ்டார். வாங்கலாமா? (சேலம்)

பதில்: நானும் ஸ்டாரை எண்ணித்தான் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். சித்திரை வெயிலில் நின்ற காரில் அது களி மாதிரி இளகிவிட்டது. இப்போது எங்கள் வீட்டு மிக்ஸிக்கு அடியில் கிடக்கிறது. அதற்கு முன் வாங்கிய மரமணி விரிப்பு இன்னும் மோசம்: நூல் அறுந்து மணிகள் பிரேக்குக்கு அடியில் உருண்டன.

கேள்வி: நெடுஞ்சாலையோரக் கடையில் குஷன் வாங்கினேன், தையல் பிரிந்துவிட்டது. பில் வாங்கவில்லை. கடைப் பெயரும் ஞாபகமில்லை. என்ன செய்வது? (வேலூர்)

பதில்: எதை வைத்து நான் சண்டை போடுவது? பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தால் அதில் ஒரு பெயர் இருக்கும், தேடுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் ஊசி நூல் எடுங்கள்.