இரண்டு லவ் பேர்ட்ஸுக்கு எட்டடி வலையில் ஒரு கூடு

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறோம். மகளுக்கு ஒரு சோடி லவ் பேர்ட்ஸ் வாங்க யோசனை. கடைக் கூட்டின் விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே செய்யலாமா? மரச்சட்டம் அடிக்க ஆயுதங்களும் இல்லை.

பதில்: ஆயுதங்கள் இல்லாதது நல்லதாகப் போயிற்று. மரச்சட்டம் வேண்டவே வேண்டாம். லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பட்ஜி மரத்தைக் கொறித்துத் தள்ளும். எச்சம் ஊறும், இடுக்குகளில் சிற்றுண்ணி (மைட்) குடியேறும். வலையையே மடித்தால் கூடு தானாக நிற்கும். சட்டத்துக்குப் போகும் காசை நல்ல வலைக்குப் போடுங்கள்.

வாங்க வேண்டியது அரை அங்குலக் கட்டமுள்ள வெல்டட் மெஷ் (கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த வலை), 3 அடி அகலத்தில் 8 அடி. பழைய சோனகத் தெருப் பக்கம் ஹாட்வெயார் கடைகளில் அடிக் கணக்கில் வெட்டித் தருவார்கள். அறுகோணக் கோழி வலை மலிவுதான். ஆனால் எலி கடித்து உள்ளே வரும், குருவியின் நகமும் சிக்கும். முக்கால் அங்குலக் கட்டமும் ஆகாது, பட்ஜி தலையை விட்டு மாட்டிக்கொள்ளும்.

கூட்டின் அளவு நீளம் 3 அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி. பட்ஜி பக்கவாட்டில் பறக்கிற பறவை. கோபுரம் மாதிரி ஒடுங்கி உயர்ந்த கூடு அழகுக்குத்தான்.

அளவுநாடாவை வைத்துவிட்டுக் கட்டங்களை எண்ணுங்கள். முதலில் 144 கட்டம், அதாவது 6 அடி. இதை நாலாக மடித்தால் கூட்டின் உடல். அடுத்த கட்டத்தின் கம்பிகள் அரை அங்குல வாலாக இந்தத் துண்டிலேயே நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். மூட்டும்போது அவைதான் கொக்கி. அடுத்து 36 கட்டம் வெட்டி, நடுவில் இரண்டாக்கினால் உடலின் இரு முனைகளையும் மூடும் பக்கங்கள் கிடைக்கும். நடுவில் வெட்டுவதால் ஒன்றில் ஒரு கட்டம் குறையும். அந்த இடத்தில் மிஞ்சும் வால்களை உடலில் கொளுவி மடித்தால் சரியாகிவிடும். மீதியில் 10 கட்ட உயரத்துக்கு ஒரு பட்டி மிஞ்சும். அது கதவுக்கு.

மடிப்பதற்கு முன், வலை தரையில் விரிந்திருக்கும்போதே, முன்பக்கமாக வரப்போகும் இடத்தில் 12க்கு 8 கட்டத்தில் வாசல் வெட்டுங்கள். மடித்த பிறகு வெட்டப் போனால் கை கீறும், கூடும் கோணும். கம்பி முனைகளை ஒட்ட நறுக்கி அரத்தால் தேய்த்துவிடுங்கள். கதவு 14க்கு 10 கட்டம், நாலு பக்கமும் அரை அங்குலம் ஏறி உட்காரும். மேலே இழுக்கும் கதவை பட்ஜி அலகால் தூக்கிவிடும். பக்கவாட்டில் திறக்கிற கதவும் ஒரு ஸ்பிரிங் கொக்கியும் போதும்.

36ஆம், 72ஆம், 108ஆம் கட்டங்களில் நேரான பலகையை வைத்து மிதித்துக்கொண்டு, வலையை மேலே இழுத்து மடியுங்கள். நான்காவது மூலையில் வால்களைக் குறட்டால் வளைத்துப் பூட்டுங்கள். பக்கங்களை இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக மெல்லிய எவர்சில்வர் கம்பியால் கட்டி, முறுக்கின முனையை வெளிப்பக்கம் மடியுங்கள். கறுப்புக் கட்டுக்கம்பி வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு நின்றுபிடிக்காது. பிளாஸ்டிக் டையைக் குருவி கொறித்துவிடும்.

பலரும் விட்டுவிடுவது இதைத்தான்: புது வலையில் சாம்பல்வெள்ளைத் தூளும் குமிழ்களும் இருக்கும். அது நாகம் என்கிற உலோகம் (சிங்க்). குருவி கம்பியை அலகால் பிடித்தே ஏறுவதால் நேரே வயிற்றுக்குள் போகும். சோர்வு, பச்சை நீர்க்கழிச்சல், பிறகு சாவு. வினாகிரி ஊற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, சில வாரம் வெயிலிலும் மழையிலும் போட்டுவையுங்கள். இதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

கூட்டுக்கு வெளியே, அடியில் இரண்டு மரச்சலாகை, அவற்றின் நடுவே பழைய தட்டுகள், மேலே பத்திரிகைத் தாள். தினமும் மாற்றுங்கள்.

குருவி உட்கார கொய்யாக் கிளை, அரை முதல் முக்கால் அங்குலத் தடிப்பில் இரண்டு. மேடுபள்ளம் இருந்தால்தான் காலுக்கு நல்லது. பிவிசி குழாய் வழுக்கும். செவ்வரளிக் கிளை நஞ்சு, கூட்டுப் பக்கமே வேண்டாம். கிளையைத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர்மேலே கட்டினால் எச்சம் அதற்குள்தான் விழும்.

கூடு சமையலறைப் பக்கம் வேண்டாம். நொன்ஸ்டிக் சட்டி அளவுமீறிச் சூடாகி வரும் புகை குருவியைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். பால்கனி கடலைப் பார்த்ததென்றால் பின்னேர வெயில் நேரே அடிக்கும், மே முதல் செப்டெம்பர் வரை சாரலும் அங்கிருந்துதான். பின்பக்கம் சுவரோடு இருக்கட்டும், மேலேயும் ஒரு பக்கமும் மூடிவிடுங்கள். குருவி வாயைத் திறந்து சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம், உடனே உள்ளே எடுங்கள். காகத்தையும் மறக்கவேண்டாம்: வலையைப் பற்றி நிற்கும் குருவியின் விரலை வெளியிலிருந்து கொத்தி இழுக்கும். திறந்திருக்கும் பக்கங்களில் இரண்டு அங்குலம் தள்ளி இன்னொரு வலையைத் தொங்கவிட்டால் அதன் அலகு எட்டாது.