காம்பாக்ட் எஸ்யூவில என்ன மாத்தணும்? பட்டனைத் திருப்பிக் குடுங்க, பின் சீட்ல ஒரு தடவை உக்காந்து பாருங்க

காம்பாக்ட் எஸ்யூவி வாங்குறவங்க அதுல என்னென்ன மேம்பாடு எதிர்பார்க்கிறாங்கன்னு கேட்டிருக்கீங்க. அனேகமா நீங்க இப்ப ஒரு சின்ன ஹேட்ச்பேக் வச்சிருப்பீங்க, வீட்ல வயசானவங்க குனிஞ்சு ஏற கஷ்டப்படுறாங்க, கொஞ்சம் உயரமா, ஆனா பார்க்கிங்ல அடங்குற மாதிரி ஒண்ணு வேணும்னு தேடிட்டு இருப்பீங்க. நானும் அப்படித் தேடித்தான் வாங்கினேன், மூணு வருஷம் ஆகுது. வண்டியை ஓட்டுறது நான், என் வீட்டுக்காரர் இல்ல. என் உயரம் 152 சென்டிமீட்டர். இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா கீழ சொல்லப்போற பாதி விஷயம் ஆறடி ஆளுங்களுக்குத் தெரியவே தெரியாது, "எனக்கு அப்படி எதுவும் இல்லையே"ன்னு கமெண்ட்ல வந்து நிப்பாங்க.

போன வருஷம் ஒரு ராத்திரி, நல்ல மழை. முன் சீட்ல அம்மா, பின்னாடி பெரியம்மாவும் என் பையனும். ஊருக்கு வெளிய நாலு வழி ரோடு, 70ல போயிட்டு இருக்கேன். எல்லாருமே நனைஞ்சு வந்து ஏறினவங்க, குடையெல்லாம் காலடியில கிடக்கு, பெரியம்மாவுக்குக் குளிருதுன்னு கொஞ்ச நேரம் முன்னாடிதான் ஏசியை அணைச்சிருந்தேன், ரீசர்குலேஷன், அதாவது வெளிக்காத்தை எடுக்காம உள்காத்தையே சுத்த விடுறது, அப்படியே ஆன்ல இருந்திருக்கு, அதை நான் கவனிக்கல. ஓரத்துல லேசா ஆரம்பிச்ச மூட்டம் ஒரு நிமிஷத்துக்குள்ள முன் கண்ணாடி முழுக்கப் படர்ந்துருச்சு. எதிர்ல வர்ற லைட்டெல்லாம் வெறும் வெள்ளை வட்டமாத் தெரியுது, ரோட்டுக் கோடு சுத்தமா தெரியல.

பழைய வண்டியா இருந்தா கை தானா போயிருக்கும். ஒரு குமிழைத் திருப்பினா கண்ணாடிக்குக் காத்து, இன்னொண்ணை அமுக்கினா ஏசி, கண்ணு ரோட்டை விட்டு நகர வேண்டியதே இல்ல. இந்த வண்டியில கண்ணாடி மூட்டம் போக்குறது டச் ஸ்க்ரீனுக்குள்ள இருக்கு. ஸ்க்ரீன்ல அப்ப ஃபோனோட மேப் ஓடுது. முதல்ல அதை விட்டு வெளிய வரணும், அப்புறம் ஃபேன் படத்தைத் தொடணும், அப்புறம் அந்தப் பக்கம் திறந்ததும் ஓரத்துல சின்னதா ஒரு படம் இருக்கும், அதைத் தொடணும். நான் தொட்டேன். நகரல. திரும்பத் தொட்டேன், ஸ்க்ரீன் கருப்பா போச்சு, கம்பெனி லோகோ வந்து நிக்குது. அம்மா கையில இருந்த துணியால கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே "அந்த பட்டன் எங்கம்மா இருக்கு, சொல்லு நான் அமுக்குறேன்"னு கேக்குறாங்க. பட்டனே இல்லம்மான்னு சொன்னப்ப எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. பின்னாடி ஒரு லாரி ஹார்ன் அடிச்சுக்கிட்டே நெருங்குது. ஹசார்ட் லைட் மட்டும் நிஜ பட்டனா இருந்துச்சு, அதைத் தட்டிட்டு, அம்மா பக்கத்து ஜன்னலை இறக்கி வெள்ளைக் கோட்டை எட்டிப் பார்த்து "இன்னும் கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம்"னு சொல்லச் சொல்ல ஓரங்கட்டினேன். கை நடுக்கம் நிக்க பத்து நிமிஷம் ஆச்சு.

உடனே "வண்டியை ஒழுங்கா தெரிஞ்சுக்காம ஓட்டினது உங்க தப்பு"ன்னு ஒருத்தர் எழுதுவார். ரீசர்குலேஷனை விட்டது என் தப்புதான், ஒத்துக்கிறேன். மூச்சுக்காத்துல இருக்கிற ஈரம் வெளிய போக வழி இல்லாம உள்ளயே சுத்தி, குளிர்ந்த கண்ணாடியில நீராப் படியுது, ஏசி ஓடினா அந்த ஈரத்தை இழுத்துரும், அதனால மழையில ஏசி ஆன், ரீசர்குலேஷன் ஆஃப், காத்து கண்ணாடிக்கு, இது மூணும் எனக்கு இப்ப மனப்பாடம். (மூட்டம் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் படிஞ்சா வேற கதை, அப்ப கண்ணாடி அளவுக்கு மேல குளிர்ந்திருக்குன்னு அர்த்தம், ஏசி குளிரைக் குறைச்சு வைப்பர் போடணும்.) மேனுவலையும் ரெண்டு தடவை படிச்சவதான் நான். ஆனா மனுஷங்க மறப்பாங்க, பதறுவாங்க, அப்படிப்பட்ட நேரத்துக்குத்தானே பட்டன்? வாய்ஸ் கமாண்ட் இருக்கேன்னு சொல்றவங்க, கூரையில மழை அடிக்கிறப்ப, பின்னாடி குழந்தை அழறப்ப ஒரு தடவை சொல்லிப் பாருங்க.

இது என் ஒருத்தியோட புலம்பலும் இல்ல. ஸ்வீடன்ல வி பிலாகாரேன்னு ஒரு கார் பத்திரிகை 2022ல ஒரு டெஸ்ட் பண்ணாங்க. 110 கிலோமீட்டர் வேகத்துல போயிட்டே நாலு சின்ன வேலை செய்யணும், அதுல கண்ணாடி மூட்டம் போக்குறதும் ஒண்ணு. ஓட்டினவங்களுக்கு வண்டியைப் பழகிக்க முன்னாடியே நேரமும் குடுத்தாங்க. 2005 மாடல் வால்வோ வி70, முழுக்க பட்டன், 10 செகண்ட்ல முடிஞ்சிருச்சு, அதுக்குள்ள வண்டி 306 மீட்டர் போயிருந்துச்சு. புது வண்டிகள்ல கடைசி இடம் பிடிச்சதுக்கு 44.6 செகண்ட், 1372 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு மேல கண்ணு ரோட்டுக்கும் ஸ்க்ரீனுக்கும் நடுவுல அலையுது.

ஐரோப்பாவுல கார்களை மோத விட்டுப் பாதுகாப்புக்கு மார்க் போடுற யூரோ என்கேப்காரங்க 2026ல இருந்து இன்டிகேட்டர், ஹசார்ட் லைட், ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு இந்த அஞ்சுக்கும் தனியா பட்டனோ லீவரோ இல்லேன்னா மார்க் குறையும்னு அறிவிச்சாங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா அந்த அஞ்சுல கண்ணாடி மூட்டம் இல்லையே! வைப்பர் வெளிய துடைக்குது, உள்ள யாரு துடைப்பா? அதனால என் முதல் ஆசை, முன் கண்ணாடி, பின் கண்ணாடி ரெண்டு மூட்டத்துக்கும், ஏசிக்கும், ஃபேன் வேகத்துக்கும், பாட்டுச் சத்தத்துக்கும் தடவிப் பார்த்தாலே தெரியற மாதிரி நிஜமான பட்டனும் குமிழும். ஸ்க்ரீன் இருக்கட்டும், மேப்புக்கு நல்லாத்தான் இருக்கு.

அடுத்தது பின் சீட். உண்மையில என் கோவம் இதுலதான் அதிகம். வண்டியை டிசைன் பண்றவங்க யாரும் ஒரு நாள்கூட பின்னாடி உக்காந்து நாலு மணி நேரம் போனதில்லையோன்னு தோணும். பெரியம்மாவுக்கு மூட்டு வலி. எஸ்யூவின்னா உயரம், ஏறுறது சுலபம்னுதானே வாங்கினோம்? கதவு அடிப்பக்கம் பலகை மாதிரி அகலமா நீட்டிக்கிட்டு இருக்கு, அதைத் தாண்டி காலை வைக்கணும், சக்கரத்து வளைவு கதவு வழியில பாதியை எடுத்துக்குது, பிடிச்சுக்க மேல இருக்கிற கைப்பிடி அவங்களுக்கு எட்டல. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவுல இருக்கிற பில்லர்ல, இடுப்பு உயரத்துல ஒரு கைப்பிடி வச்சா என்ன குறைஞ்சிரும்? பின் சீட்டோட அடிப்பாகம் குட்டையா இருக்கறதால தொடைக்குத் தாங்கலே இல்ல, முழங்கால் தூக்கிக்கிட்டு நிக்குது. கூரை பின்னாடி சரியுற ஸ்டைல் வேற, கொஞ்சம் வளர்ந்தவங்கன்னா தலை இடிக்கும், அதுக்கு மேல சன்ரூஃபும் வச்சா இன்னும் நாலு விரல் போச்சு.

இதெல்லாம் வசதி, விடுங்க. உயிர் விஷயம் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல ஐஐஹெச்எஸ்னு காப்பீட்டுக் கம்பெனிகள் காசுல நடக்குற ஒரு பாதுகாப்பு அமைப்பு, 2022ல முன் மோதல் டெஸ்ட்டை மாத்தினாங்க. டிரைவருக்குப் பின்னாடி சீட்ல, குட்டையான பெண் இல்லேன்னா 12 வயசுக் குழந்தை அளவுல ஒரு பொம்மையை உக்கார வச்சாங்க. முதல்ல டெஸ்ட் பண்ணது 15 சின்ன எஸ்யூவி, அதாவது நாம பேசிட்டு இருக்கற அதே மாதிரி வண்டி. நல்லதுன்னு பேர் வாங்கினது ரெண்டே ரெண்டு. ஒன்பது வண்டி மோசம்னு வந்துச்சு. காரணம் பெரிய ரகசியம் இல்ல. மோதின நொடியில பெல்ட்டைச் சட்டுன்னு இழுத்துப் பிடிக்கிற ப்ரீடென்ஷனரும், அப்புறம் நெஞ்சை நொறுக்காம கொஞ்சம் விட்டுக் குடுக்கிற லோட் லிமிட்டரும் முன் சீட்டுக்கு எப்பவோ வந்துருச்சு, பின் சீட்டுக்கு நிறைய வண்டியில இல்ல. நம்ம குழந்தைங்களையும் அம்மாக்களையும் உக்கார வைக்கிறது எங்க? இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. பின் பெல்ட்டுக்கு அது ரெண்டும், நடு சீட்டுக்கு முழு மூணு முனை பெல்ட்டும் ஒரு ஹெட்ரெஸ்ட்டும், இது எல்லா வேரியண்ட்லயும் வரணும், டாப் மாடல்ல மட்டும் இல்ல.

உயரம் குறைஞ்சவங்க பாட்டைச் சொல்லாம விட முடியாது. சராசரி ஆண் அளவுன்னு டெஸ்ட்ல உக்காரற பொம்மை சுமார் 175 சென்டிமீட்டர், 78 கிலோ. சின்னப் பெண் பொம்மை சுமார் 150, 49 கிலோ. யூரோ என்கேப் முன் மோதல்ல அந்தச் சின்னப் பொம்மையைக் கொண்டு வந்ததே 2015ல. என்னை மாதிரி உயரத்துல இருக்கிறவங்களுக்கு பெல்ட் கழுத்தை அறுக்கும், பெல்ட் உயரத்தை மாத்துற ஏற்பாடு என் வேரியண்ட்ல இல்ல. ஸ்டியரிங் மேல கீழ போகும், முன்ன பின்ன வராது, அதனால பெடல் எட்டணும்னா நெஞ்சு ஸ்டியரிங் பக்கத்துல போயிரும், ஏர்பேக் வெடிக்கிற இடத்துக்கு அவ்வளவு கிட்ட உக்காரக் கூடாதுன்னு மேனுவல்லயே போட்டிருக்கு. முன் கண்ணாடி ஓரத்துல இருக்கிற பில்லர் அவ்வளவு தடிமன், திருப்பத்துல ஒரு முழு ஆள் அதுக்குப் பின்னாடி மறைஞ்சு நிக்கலாம். வண்டி கவிழ்ந்தா கூரையைத் தாங்க பில்லர் தடிமனா இருக்கணும்னு தெரியும், அது வேண்டாம்னு சொல்லல, பில்லரும் சைடு மிர்ரரும் ஒட்டிக்கிட்டு ஒரே சுவரா நிக்காம மிர்ரரைக் கொஞ்சம் இறக்கிக் கதவுல வச்சா நடுவுல ஒரு இடைவெளி கிடைக்கும், அதைத்தான் கேக்குறேன்.

இதையெல்லாம் வாங்குறப்பவே ஏன் பாக்கலன்னு கேப்பீங்க. ஷோரூம்ல என்கிட்ட யாரும் பேசவே இல்லைங்க. ஓட்டப்போறது நான், லோன் என் பேர்ல, கேள்வி கேட்டது நான், பதில் முழுக்க என் வீட்டுக்காரரைப் பார்த்து. அவர் ரெண்டு தடவை "அவங்ககிட்ட சொல்லுங்க, அவங்கதான் ஓட்டப்போறாங்க"ன்னு சொல்லியும், என் பக்கம் திரும்பி அந்தப் பையன் சொன்னது, மேக்கப் கண்ணாடியில லைட் இருக்கு மேடம். அதுக்கப்புறம் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு ஃபோன், பத்துக்குப் பத்து போடுங்க மேடம், ஒன்பது போட்டாகூட எங்க இன்சென்டிவ் போயிரும்னு கெஞ்சுவாங்க. நானும் பாவம்னு போட்டுட்டே இருந்தேன். இப்ப யோசிச்சா மனசுக்குக் கஷ்டமா இருக்கு. நம்மளை மாதிரி எத்தனை பேர் பாவம் பார்த்துப் பத்து போட்டிருப்போம், அந்தக் கணக்கைப் பார்த்து வாடிக்கையாளருக்கு ஒரு குறையும் இல்லன்னுதானே மேல இருக்கிறவங்க நினைப்பாங்க? வண்டின்னு இல்ல, டெலிவரி, ஆஸ்பத்திரி, பேங்க், எங்க போனாலும் இந்த மார்க் பிச்சைதான், உண்மையைச் சொன்னா ஒரு சின்னப் பையனோட சம்பளம் குறையும்னா யாருக்கு வாய் வரும்?

மத்ததைச் சுருக்கமா சொல்லிடுறேன். ஸ்டெப்னி, நாலு டயர் என்ன சைஸோ அதே சைஸ்ல வேணும். ஒல்லி ஸ்டெப்னியில பெரும்பாலும் 80க்கு மேல போகக் கூடாது, பஞ்சர் கிட் குடுக்கிறாங்களே, டயர் பக்கவாட்டுல கிழிஞ்சா அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. டிக்கி இத்தனை லிட்டர்னு விளம்பரத்துல பாத்து ஏமாறாதீங்க, நிறைய கம்பெனி 200க்கு 100க்கு 50 மில்லிமீட்டர் கட்டைகளை சந்து பொந்தெல்லாம் அடுக்கி அளக்குறாங்க, உங்க சூட்கேஸ் அப்படி மடங்காது. டிக்கி வாசல் எவ்வளவு உயரம்னு பாருங்க, தூக்கி வைக்கிறது உங்க இடுப்புதான்.

நீங்க டெஸ்ட் டிரைவ் போறப்ப வீட்ல மூட்டு வலி இருக்கிறவங்களைக் கூட்டிட்டுப் போங்க. அவங்களைப் பின் கதவு வழியா ரெண்டு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்க. அப்புறம் நீங்க டிரைவர் சீட்ல உக்காந்து, வண்டி நிக்கிறப்பவே கண்ணை மூடிக்கிட்டு, கண்ணாடி மூட்டத்தைப் போக்குற பட்டனைக் கை தேடிக் கண்டுபிடிக்குதான்னு பாருங்க. கிடைக்கலன்னா கலர் எதுன்னு பேச ஆரம்பிக்காதீங்க, அடுத்த வண்டியைக் காட்டச் சொல்லுங்க.