புதிதாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். ப்ராசஸர் இன்டெலா, ஏஎம்டியா?

கோடிங், கொஞ்சம் கேம், எப்போதாவது வீடியோ எடிட்டிங் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். "ஏஎம்டி சூடாகும், இன்டெலே வாங்கு" என்று மாமா சொல்கிறார் என்றும்.

மாமா சொல்வதில் ஒரு காலத்து உண்மை இருக்கிறது. 2013-இல் ஏஎம்டி விட்ட எஃப்எக்ஸ்-9590 ப்ராசஸர் 220 வாட் ரகம். சாதாரண கூலர் அதற்குத் தாங்காது. 2017-இல் ஏஎம்டியின் ரைசன் வரிசை வந்ததும் கதை மாறிவிட்டது. கேம் ஆடுபவர்கள் தேடி வாங்கும் ரைசன் 7 7800எக்ஸ்3டி 120 வாட் ரகம். இன்டெலின் ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை போகும்.

நான் முதலில் பார்ப்பது சாக்கெட்டைத்தான், அதாவது போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடத்தை. 2019-இல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏஎம்4 சாக்கெட் உள்ள பி450 மதர்போர்டும் ரைசன் 5 2600-உம் வாங்கினேன். அதே வாரம் நண்பர் இன்டெலின் ஐ5-9400எஃப் போட்டார். அன்றைக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாலு வருஷம் கழித்து நான் பயாஸை (போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து, ரைசன் 5 5600 மட்டும் வாங்கிப் பொருத்தினேன். போர்டு, ரேம் எல்லாம் பழையதுதான். நண்பரின் போர்டு 9-ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டது. புது ப்ராசஸர் வேண்டுமென்றால் போர்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்ற நிலை.

அந்த மாற்றத்தில் ஒரு கண்டமும் இருந்தது. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே, சூட்டைக் கடத்தத் தடவிய பழைய பேஸ்ட் காய்ந்து பிசின் மாதிரி பிடித்திருந்தது. கூலரைத் தூக்கினேன், லீவர் பூட்டியிருந்தும் ப்ராசஸர் அதோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. அடியில் 1331 பின்கள், ஓரத்தில் இரண்டு சாய்ந்திருந்தன. லெட் இல்லாத மைக்ரோ டிப் பென்சிலின் முனையை அந்தப் பின்னில் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். தம்பி செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏஎம்4 வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்து, பேஸ்ட் இளகியதும் கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகிவிட்டு எடுங்கள். அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட்டில் பின்கள் போர்டுக்குப் போய்விட்டன. இந்தப் பயம் இல்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஏஎம்5 போர்டு, ரைசன் 5 7600. டிடிஆர்5 ரேம் மட்டுமே ஏற்கும், ஆரம்பச் செலவு கொஞ்சம் கூடும். ஆனால் இந்த சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. 7600-இல் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் கிராஃபிக்ஸ் கார்டைப் பிறகு வாங்கலாம். 7500எஃப், 12400எஃப் என்று கடைசியில் 'எஃப்' வந்தால் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது.

வீடியோ எடிட்டிங்தான் இதை மாற்றக்கூடிய விஷயம். மொபைலில் எடுத்த வீடியோ என்றால் கவலையே இல்லை. கல்யாண வேலைக்குப் போய், கேமராவில் 10-பிட் 4:2:2 ஹெச்.265 (நிற விவரம் அதிகமுள்ள, பிரிக்கக் கனமான வீடியோ வகை) எடுத்து வருகிறீர்கள் என்றால் தயங்காமல் இன்டெல் வாங்குங்கள், எஃப் இல்லாததாக. 11-ஆம் தலைமுறையிலிருந்து அதன் உள் கிராஃபிக்ஸ் அந்த ஃபைலை நேரடியாகப் பிரித்துக் கொடுக்கும், டைம்லைன் திணறாது. 7600-இன் உள் கிராஃபிக்ஸுக்கு அது முடியாது.

ஒரு எச்சரிக்கை. 13, 14-ஆம் தலைமுறை உயர்ரக இன்டெல் ப்ராசஸர்களில் அதிக வோல்டேஜால் பழுது வருவதை 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, அதற்கு மைக்ரோகோடு (பயாஸ் அப்டேட் வழியாக ப்ராசஸருக்குப் போகும் திருத்தம்) விட்டு, வாரண்டியையும் 2 வருஷம் நீட்டியது. அவற்றை செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். புதிதாக வாங்கினால் பயாஸ் அப்டேட்தான் முதல் வேலை.

எந்த பிராண்டாக இருந்தாலும் சீல் பிரிக்காத பாக்ஸ் ப்ராசஸராகக் கேளுங்கள். பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பர் பில்லில் ஏறும்வரை கடையை விட்டு நகராதீர்கள்.