1971 எம்ஜிபி: கதவு இடிக்குதுன்னா முதல்ல சில்லைப் பாருங்க

நண்பரே, பர்மிங்ஹாம்ல பாத்த 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர்ல (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பெயிண்ட் பளபளன்னு இருக்கு, டிரைவர் கதவு மட்டும் சாத்தும்போது இடிக்குது, கீல் பிரச்சனைதான்னு விக்கிறவர் சொல்றார்னு எழுதியிருந்தீங்க. தயவுசெஞ்சு அதை அப்படியே நம்பிடாதீங்க. இந்த வண்டிக்குத் தனியா சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எலும்பு, அதுலயும் மேல கூரை இல்லாத ரோட்ஸ்டர்ல கதவுக்குக் கீழ நீளமா ஓடுற இரும்புப் பெட்டி மாதிரியான சில்தான் பெரும்பாலான பாரத்தைத் தாங்குது, அது உள்ளுக்குள்ள துருப்பிடிச்சுட்டா நடுவுல தொய்ஞ்சு கதவு இடைவெளி மேல்பக்கம் குறுகிடும்.

முன் சக்கரத்துக்குப் பின்னாடி குனிஞ்சு பாருங்க. ஒரிஜினல் சில் முன் விங்குக்கு (முன் சக்கரத்தை மூடுற பாடி தகடு) அடியிலயும் போகும், அரைகுறையா வெல்டிங் பண்ணவங்க விங்கைக் கழட்டாம புது சில்லை அந்த இடத்தோட நிறுத்திடுவாங்க. துணி சுத்தின காந்தத்தை அங்க வச்சுப் பாருங்க, ஒட்டலன்னா உள்ள இருக்கிறது துருவை மறைக்கப் பூசின வெறும் ஃபில்லர் பசைதான்.

40 வருஷம் தாண்டின வண்டிக்குப் பொதுவா எம்ஓடி (பிரிட்டன்ல வருஷா வருஷம் பண்ற வண்டி பாதுகாப்பு டெஸ்ட்) கட்டாயம் இல்லங்கிறதால அது இல்லாதது பெரிய விஷயமில்ல, ஆனா 2005ல இருந்து பண்ண டெஸ்ட் விவரம் பிரிட்டன் அரசு இணையதளத்துல வண்டி நம்பர் போட்டா இலவசமா வரும், பழைய துரு குறிப்பெல்லாம் இருக்கான்னு பாத்துடுங்க.

இன்ஜினைப் பத்திப் பயப்படாதீங்க, 1798 சிசி, ரெண்டு எஸ்யூ கார்பரேட்டர், பார்ட்ஸ் எல்லாம் இன்னும் கிடைக்குது. ஓவர்டிரைவ் (வேகமா போகும்போது இன்ஜின் சுத்துறதைக் குறைக்கிற கூடுதல் கியர்) இருந்தா ரொம்ப நல்லது, மோட்டார்வேல ஓட்டும்போது காதுக்கு நிம்மதி.

சில் போயிருந்தா பேரம் பேசாம வந்துடுங்க. 1962ல இருந்து 1980 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கும் மேல தயாரிச்ச வண்டி, நல்லது இன்னொண்ணு கண்டிப்பா மாட்டும்.